மெஷின் நிற்கும்போது வாசிக்கலாம்

மாமனாரின் பனியன் கம்பெனியில் நான் மேனேஜர். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வேலம்பாளையத்தில் வழங்கும் மரியாதையான பெயர் அது. நிட்டிங் மெஷின்கள் ஓடும் கூடத்துக்கு மேலே, நூல் கோன் அடுக்கும் சின்ன அறையில்தான் என் சிந்தசைசரை வைத்திருந்தேன். ராயபுரத்தில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து வந்த, குமிழ் திருகி ஓசை உண்டாக்கி கட்டையில் வாசிக்கிற பழைய அனலாக் பெட்டி. வீட்டுக்குள் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டதால், உலகத்தில் அதற்கும் எனக்கும் இருந்த இடம் அந்த அறை மட்டும்தான்.

அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. திருகித் திருகிக் கண்டுபிடித்த ஓசை, குமிழ்கள் கொஞ்சம் நகர்ந்தால் போயே போய்விடும். அதனால் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று, பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரை ஒட்டி வைத்தேன். ஓசையின் கூர்மையை மழுக்கும் ஃபில்டருக்கு எம். அதை அதிர வைக்கும் ரெசொனன்ஸுக்கு எஸ். எக்ஸ்எல் வரை போனால் ஜன்னல் கம்பி ஆடும். போட்டவுடன் வாசிக்கவும் முடியாது. சூடேறும்வரை சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். பங்குனி வெயிலில் சூடேறிய பிறகும் நழுவும். என் வாசிப்பில் அது யாருக்கும் தெரிந்ததில்லை.

ஒரு நாள் மதியம், ஓசை பிறக்கும் இரண்டு ஆசிலேட்டர்களையும் ஒரே சுருதியில் சேர்த்து, ஒன்றை மட்டும் மயிரிழை விலக்கினேன். ஃபில்டரைப் பாதி மூடி, கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன். வுவ்வ்... வுவ்வ்... என்று மெதுவாக மூச்சுவிடுகிற ஓசை. பல மாதம் தேடியது அதைத்தான். கையை எடுக்க மனசு வரவில்லை. கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கீழே மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. என் ஓசையைக் கேட்டு, பேரிங் போய்விட்டது என்று ஃபிட்டர் ஒரு மெஷினை நிறுத்தியிருக்கிறார். சத்தம் நிற்கவில்லை. அடுத்ததை நிறுத்தியிருக்கிறார். கடைசி மெஷினும் நின்ற பிறகுதான், கோளாறு மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

மாமனார் மேலே வந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, பெட்டியோடு சொந்த ஊருக்கே போயிருப்பேன். அவர் திட்டுகிற ஆள் இல்லை.

"நல்லா இருக்குதுங்க மாப்ள. தாராளமா வாசிங்க. மெஷின் நிக்கறப்ப வாசிங்க, அவ்வளவுதானுங்க."

அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு டீ குடிக்கும் நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் யோசித்தேன். எங்கள் மெஷின்கள் இரவும் பகலும் ஓடுபவை. ஞாயிற்றுக்கிழமை அவை ஓடாது. அன்றைக்கு நான் ஓட வேண்டும். காதுகுத்து, சீர், நிச்சயம் எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளைதான் கார் ஓட்டுவார். ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். கூப்பிட்டது கேட்கவில்லை என்று அதையும் மரியாதையாகக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம், ஒரு வேலை நாளில், மெஷின்கள் திடீரென்று நின்றன. மாடிக்கு ஓடி சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர், எங்கள் கம்பெனியில் எப்போதும் வாங்கப்போகிற பொருள். சும்மா உட்கார்ந்து கட்டையை அழுத்தினேன். டொக் என்றது.

கீழேயிருந்து மாமனார் கேட்டார். "வாசிக்கறீங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"பாருங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க. இப்படியே வாசிங்க."