எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவள்

எங்கள் லோடு வண்டிக்கு வீட்டிலேயே நான்தான் ஆயில் மாற்றுவேன். போன மாதம் ஆயிலோடு புது ஆயில் ஃபில்டரையும் மாட்டி இறுக்கிவிட்டு, காரியாபட்டி சந்தைக்குக் கிளம்ப வண்டியை ஸ்டார்ட் செய்தேன். வழக்கம்போல டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த என் மனைவி செல்வி, "ஏங்க, நிப்பாட்டுங்க! ஆயிலு ஊத்துது!" என்று கத்தினாள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஃபில்டரை இன்னும் இறுக்கினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தும் ஒழுகியது. செல்வி, கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரைப் புரட்டினாள்.

"இதுல ரப்பர் வளையத்தைக் காணோமே! இன்ஜின்லயே ஒட்டிக்கிச்சா? குக்கருக்கு ரெண்டு கேஸ்கட்டு போட்டா மூடுமா?"

புது ஃபில்டரைக் கழற்றினால், பழைய வளையம் இன்ஜினில்தான் ஒட்டியிருந்தது; அதன் மேலேயே புது ஃபில்டரின் வளையத்தையும் வைத்து இறுக்கியிருக்கிறேன். அசந்துபோனேன். அப்படியே போயிருந்தால் பாதி வழியில் இன்ஜினே போயிருக்கும்.

இப்போதெல்லாம் பழைய வளையம் கைக்கு வந்த பிறகுதான் புது ஃபில்டரை மாட்டுகிறேன். அவள் பழம் வைக்கும்போது நானும் பக்கத்தில் குனிகிறேன்.