வாசலில் கழற்றிய சப்பாத்து

சுவிஸின் பேர்ண் நகரில் ஆஸ்பத்திரிச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோடையில், மனைவியும் நானும் வடதுருவக் கப்பலில் போனோம். ஆளரவமற்ற ஒரு கரையில் இறக்கி, கைவிடப்பட்ட வேட்டைக்காரர் குடிசையைக் காட்டினார்கள். மேசையில் இரண்டு தட்டுகள் வைத்தபடியே இருந்தன. நாங்கள் பழக்கதோஷத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினோம்.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "போட்டுக்கொண்டே வாருங்கள். இங்கே யாரும் இல்லை" என்றாள் ஜெர்மன் மொழியில்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மற்றவர்கள் சப்பாத்துக் காலோடு உள்ளே நடந்து படமெடுத்தார்கள். மனைவி வாசலைத் தாண்டவில்லை.

"எங்கட வீட்டுக்குள்ளயும் இப்பிடித்தான் நடந்திருப்பாங்கள், என்னப்பா?"

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த அன்று, சாப்பிட்ட தட்டுகளை மேசையில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள்.

இப்போது பேர்ணில் கடைக்குப் போவதென்றாலும், மேசையில் ஒரு தட்டும் இல்லையென்று பார்த்த பிறகுதான் அவள் கதவைப் பூட்டுகிறாள்.