கோடிங்குக்கு முன் ஒரு பென்சில்

கேட்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது, செய்து கொடுத்த பிறகு என்ன வேண்டாம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்: சாஃப்ட்வேர் தொழில் இவ்வளவுதான். இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டு அடிபட்டுத்தான், கோடிங்கைத் தொடும் முன் திரைகளைத் தாளில் வரைந்து காட்டும் பழக்கம் எனக்கு வந்தது.

தொட்டுப் பார்த்தவர்

முதலமடை மாங்காய் வியாபாரி பழனிசாமி, லாரி லோடுகளைப் பதிய ஒரு ஆப் கேட்டார். மாங்காய்ப் பெட்டி மேல் தாள்களைப் பரப்பினேன். வரைந்த பட்டனை அமுக்கிவிட்டு, "ஏனுங்க அம்மிணி, தொட்டா ஒண்ணும் ஆகலீங்களே?" என்றார். அவர் அமுக்க அமுக்க நானே அடுத்த தாளை எடுத்து வைத்தேன். மூன்றாவதில் அவர் கை நின்றது. "லாரி வந்தா நாங்க மொதல்ல தோட்டத்தைத்தானுங்க கேப்போம். இது வகையைக் கேக்குதுங்களே?"

ரப்பரால் அழிக்க ஒரு நிமிடம். கோடிங் முடிந்திருந்தால் ஒரு வாரம். சீசன் முதல் நாள் போன் வந்தது: "அம்மிணி, இப்பத் தொட்டா ஆகுதுங்க!"

சிவப்பும் பச்சையும்

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு ஒரு திரை. சூடு சரியென்றால் பச்சை வட்டம், மிஞ்சினால் சிவப்பு. கலர் பென்சிலில் தீட்டியதை மேற்பார்வையாளர் செல்வராஜ் அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?"

அவருக்கு நிறம் பிரித்தறிய வராது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனோ என்று பயந்து, வட்டத்தை அழித்து 'சூடு அதிகம்' என்று பெரிதாக எழுதினேன். முதலாளியோ, "இத்தன வருஷமா எப்படிய்யா காய் பார்த்த?" என்று வியந்தார்.

"கையில குலுக்குவேன் மொதலாளி, காஞ்சது சத்தத்துலயே தெரிஞ்சிரும்."

ஒரே ஒரு பட்டன்

மூணாறு எஸ்டேட் ஒன்றில் அவசரத்துக்கு ஜீப்பைக் கூப்பிட ஒரு ஆப். பெயர், டிவிஷன், குடியிருக்கும் லயத்து வரிசை வீடு, காரணம் என்று மேனேஜர் சொன்ன எட்டுக் கட்டங்களையும் வரைந்து, டிஸ்பென்சரி நர்ஸ் மேரி அக்காவிடம் காட்டினேன். "வலியில துடிக்கிறவ பக்கத்துல உக்காந்து இம்புட்டையும் யாரு அடிக்க?" என்றார் அக்கா.

தாளைக் கிழித்தேன். புதிய தாளில் ஒரு ஜீப் படம், அதுவே பட்டன். யார், எந்த லயம் என்பதைப் போன் எண்ணை வைத்தே ஆப் கண்டுபிடித்துக்கொள்ளும். மேனேஜருக்கு முகம் சுருங்கியது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், அங்கே கொழுந்து பறிக்கும் ஸ்டெல்லாவுக்குப் பிரசவ வலி. வீட்டில் மாமியார் மட்டும்தான். ஜீப் வந்தது, ஆஸ்பத்திரியில் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது தாயி. ஜீப்பு படம் இருந்துச்சு, அமுக்குனேன், வந்துருச்சு."

கம்ப்யூட்டரைத் திறக்காமல் நான் செய்ததுதான் என் வேலையிலேயே உருப்படியானது என்பதை மட்டும் யாரும் என் ஆபீசில் சொல்லிவிடாதீர்கள்.