அபு சிம்பெல் வாசலில் கழற்றிய செருப்பு

எகிப்தில் அபு சிம்பெல் கோயில் வாசலில், மலையைக் குடைந்து செதுக்கிய நான்கு ராஜாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு இடுப்புக்கு மேலே இல்லை. நியூஜெர்சியிலிருந்து வந்த எங்கள் இருபத்திரண்டு பேரையும் வெளியிலேயே நிறுத்திக் கதை சொல்கிறார் கைடு. உள்ளே அவர் பேசக் கூடாதாம்.

திரும்பினால், என் மனைவி சரோஜா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருக்கிறாள். சர்க்கரையால் அவள் பாதம் மரத்துவிட்டது. சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. போன வருடம் அப்படிப் புண்ணாகித்தான் ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

“இங்க பூஜையே கிடையாது, சரோஜா. போட்டுக்கோ.”

“பூஜை நின்னா சாமி எழுந்து போயிடுமா? சும்மா இருங்க.”

டிக்கெட் பார்க்கும் கிழவரிடம் இங்கிலீஷில் முறையிடுகிறேன். “நீங்களே சொல்லுங்கள், இங்கே இன்னும் சாமி இருக்கிறாரா?”

அவர் சரோஜாவின் காலைப் பார்க்கிறார். “எனக்கு டிக்கெட் மட்டும்தான் தெரியும், சார். உள்ளே போய்க் கேளுங்கள்.”

அதற்குள் அவள் போய்விட்டாள். செருப்பைத் தூக்கிக்கொண்டு, தரையில் கல் கிடக்கிறதா என்று பார்த்தபடியே பின்னால் போகிறேன். தூண், சிலை எதுவும் என் கண்ணில் படவில்லை.

வெளியே வந்ததும் அவளே ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டுகிறாள். மணலைத் துடைத்து, விரலிடுக்கையெல்லாம் பிரித்துப் பார்க்கிறேன்.

“என்ன, ஒன்பதும் இருக்கா?”

“பேசாம இரு. மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்.”