ரிவோல்வர்ப் பிடியும் ரூபனின் நற்சான்றும்

போன கிழமை கெல்லிவில்லில் ஒரு வீட்டுக்குக் குசினி அலுமாரி பூட்டப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கம், கணினி வேலை, நல்ல மனுசன். மேசைத் தட்டுக்கு இந்த நாட்டு மரம்தான் வேண்டுமென்று எங்கேயோ தேடிக் கிட்ஜிப் பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தார். முற்றத்தில் வைத்து அறுக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. கிட்ஜியில் ஈரம் பட்டால் ஒரு நாற்றம் வரும். மனுசன் பதறிப்போய், "காஸ் லீக் ஆகுதா சார்?" என்று வெளியே ஓடி வந்தார். மரம்தான் என்று சமாதானம் சொன்னேன். அதற்கு மேல் என்னால் அறுக்க முடியவில்லை. மழையைச் சாட்டி, வெளியே நிறுத்தியிருந்த என் வான் வண்டிக்குள் போய் இருந்துவிட்டேன்.

அந்த நாற்றத்தோடு ஒன்றரை வருடம் வாழ்ந்திருக்கிறேன். 2012, 2013. இந்த நாட்டுக்குப் படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்ட காலம். பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் ட்ரெவர் என்பவருடைய பட்டறையில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவன், இதே கிட்ஜி மரத்தில் துவக்குக்குக் கைபிடி செய்தேன். தச்சுவேலை தெரியுமா என்று ட்ரெவர் கேட்டார். தெரியும் என்று கூசாமல் சொன்னேன். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். எனக்குத் தெரிந்த தச்சுவேலை, சவர்க்காரப் பெட்டியை ஆணி வளையாமல் திறப்பது.

அவருடைய வாடிக்கையாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கௌபாய்த் தொப்பியும் சப்பாத்துமாக வேஷம் கட்டிக்கொண்டு குறிபார்த்துச் சுடும் கிளப்காரர்கள். பல் வைத்தியர், பஸ் சாரதி, ஓய்வுபெற்ற வாத்தியார். அவர்கள் வைத்திருந்தது பழைய பாணி ரிவோல்வர். ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் அதன் முதுகில் நிற்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெடித்ததும் பிடி கைக்குள்ளேயே மேல்நோக்கி உருளும். அடுத்த வெடிக்குப் பெருவிரல் தானாகச் சுத்தியலுக்குப் போய்ச் சேரும். ஆகவே பிடி வழுவழுப்பாக இருக்க வேண்டும். தடித்தால் உருளாது, மெலிந்தால் விரலெலும்பைப் பதம் பார்க்கும். கடையில் வாங்கியபோது வந்த பிடி யாருடைய கைக்கும் சரிவராது என்பது ட்ரெவரின் கட்சி. வாடிக்கையாளர் மரத்தின் அழகைப் பார்த்து இதுதான் வேண்டும் என்பார். ட்ரெவர் மரத்தையே பார்க்கமாட்டார், கையைப் பிடித்துப் பார்ப்பார். சின்ன விரல் பிடியில் இருக்குமா, அடியில் மடங்கி நிற்குமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

துவக்கைத் தொட எனக்கு உரிமம் இல்லை. கடைசிப் பொருத்தலை அவரே செய்வார். எனக்கென்று ஒரு பொம்மை இருந்தது: பிடிச் சட்டமும் விசை வளையமும் மட்டும் உலோகம், மிச்ச உடம்பு மரக்கட்டை. அதில் இரண்டு பக்கமும் பலகையைப் பொருத்தி, சட்டத்தோடு சமமாகும்வரை அரத்தாளால் தேய்ப்பேன். பட்டறைக்குள் யார் வந்தாலும் ட்ரெவர் அந்தப் பொம்மையைக் கையில் திணித்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். தபால்காரர்கூடத் தப்பியதில்லை. கையில் வாங்குகிற எல்லோரும் முதல் வேலையாக விசை வளையத்துக்குள் விரலை விட்டு, சுவரை நோக்கி, வாயால் வெடி வைப்பார்கள். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன்.

ரூபன் செய்யவில்லை. ரூபன் என்னோடு ஒரே படகில் வந்தவன், ஒரே வீட்டில் பக்கத்து அறை. கோழித் தொழிற்சாலையில் கழுவுகிற வேலை. மன்னாரில் மனைவியும், அவன் இன்னும் கண்ணால் காணாத மகளும். விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். தினமும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றமுதல் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பான். ஒருநாள் மத்தியானம் வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு என்னிடம் வாங்க வந்தவனிடம் ட்ரெவர் பொம்மையை நீட்டினார். ரூபன் வாங்கினான். கட்டையின் முனை நிலத்தைப் பார்த்தது. சுட்டுவிரல் வளையத்துக்கு வெளியே, கட்டையோடு நீட்டி நின்றது. ஒரு கணம்தான். ட்ரெவர் கவனித்துவிட்டார். முன்பு பழகியிருக்கிறாயா என்று கேட்டார். ரூபன் என்னைப் பார்த்தான். படத்தில் பார்த்திருக்கிறானாம் என்று நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்தோம்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் வைத்து அவனாகவே சொன்னான். "சண்டையின்ர கடைசி நேரம் இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் அண்ணை. ரெண்டு மாசம். ஓடி வந்திட்டன். விசாரணையில நான் அதைச் சொல்லேல்லை. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." நான் ஏன் சொல்லப்போகிறேன் என்று அவன் தோளில் தட்டினேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடிதப் பைத்தியம் பிடித்திருந்தது. கோயில் ஐயரிடம் ஒன்று, தேவாலயத்தில் தேநீர் ஊற்றும் அம்மாவிடம் ஒன்று, ஆங்கிலம் படிப்பித்த அன்ரியிடம் ஒன்று என்று நற்சான்று வாங்கிக் குவிப்போம். கோப்பு தடித்தால் விசா வரும் என்று ஒரு நம்பிக்கை. அதிலும் வெள்ளைக்கார முதலாளி எழுதினால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ரூபனுக்குப் பாதுகாப்பு விசாரணைக்குத் திகதி வந்தபோது, ட்ரெவரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தேன். அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான்தானே, கொஞ்சம் பெருமை வேறு.

அந்த ஒரு சந்திப்பை வைத்தே ட்ரெவர் முழுப் பக்கம் எழுதித் தந்தார். தாளின் தலைப்பில் அவருடைய பட்டறையின் சின்னம், குறுக்கே வைத்த இரண்டு ரிவோல்வர்கள். இந்தப் படத்தோடு கொடுக்கலாமா? திரும்ப ஓடி, அவரைக் கெஞ்சி, வெறுந்தாளில் அடித்து வாங்கினேன். பெரிய ஆபத்திலிருந்து அவனைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் மிதந்தேன். ரூபன் அடுத்த நாள் நேரே கொண்டுபோய்க் கொடுத்தான்.

பிரதி என்னிடம் இருந்தது. மூன்றாவது பந்தியை நான் ஒழுங்காக வாசித்தது அதற்குப் பிறகுதான். நிதானமான மனிதன், கையில் ஆயுதம் கொடுத்தால் விசையில் விரல் வைக்காதவன், எங்கள் கிளப்பில் பாதிப்பேருக்கு இந்தப் பழக்கம் கிடையாது என்று மனதார எழுதியிருந்தார். முதலில் வாசித்தபோதும் இந்த வரி கண்ணில் பட்டதுதான். புகழ்ச்சி என்று சந்தோஷப்பட்டேன். படத்தைப் பிடித்த என் மூளை, பயிற்சி எடுத்தவன் என்று காட்டிக்கொடுக்கும் வரியை விட்டுவிட்டது. ரூபனிடம் சொல்ல மூன்று தரம் அவன் அறை வாசல்வரை போனேன். மகளோடு தொலைபேசியில் கொஞ்சிக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் எனக்கு நிரந்தர விசா வந்தது. அதே மாதம் ரூபனைத் திரும்ப முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள், அதற்கு மேல் விளக்கமில்லை. கடிதமா, வேறு ஏதாவதா என்று கேட்கிற உரிமை அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நான் பாவி என்று தெரிந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் கதிரையில் எனக்கு எதிரே இருந்தான். நன்றாக மெலிந்திருந்தான். என்னைத் தேற்றினான். பிறகு சொன்னான்: "ட்ரெவருக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ அண்ணை. அந்தக் கடிதத்தாலதான் இவ்வளவு நாளும் வெளியில இருந்தனான். ஒரு பிரதி மனுசிக்கும் அனுப்பினனான். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டி வைச்சிருக்கிறாளாம்."

மன்னாரில் வீட்டுக்கு வீடு ஆமிக்காரர் வந்து சோதிக்கிற காலம் அது. கழற்றி எரிக்கச் சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பார்வையாளர் நேரம் முடியும்வரை கோழித் தொழிற்சாலைக் கதை கதைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

சில மாதம் கழித்து, இப்படிக் கிடப்பதைவிடப் பிள்ளையின் முகத்தையாவது பார்க்கிறேன் என்று தானே கையெழுத்து வைத்துத் திரும்பிப் போய்விட்டான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு முறை பேசினான். அதற்குப் பிறகு அவனுடைய இலக்கமும் மனைவியின் இலக்கமும் வேலை செய்யவில்லை. ட்ரெவர் கடையை விற்றுவிட்டார், இப்போது அங்கே டயர் மாற்றுகிறார்கள். நாங்கள் இருந்த வீட்டை இடித்து இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். மன்னாருக்குப் போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். உள்ளே சுவரில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று மட்டும் நான் இன்னும் ஒருவரிடமும் கேட்கவில்லை.