சுத்தியல்காரருக்காக ஒரு வேண்டுதல்

கடத்தூரில் நான் ஏறிய டவுன் பஸ் ஓடையை நெருங்குகிறது. எல்லோரும் மூட்டைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கால்களையும் தூக்கிக்கொள்கிறார்கள். பஸ் புதுப் பாலத்தில் ஏறுகிறது. கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பு இன்னும் கைபட்டு அழுக்காகவில்லை. அக்கரை வந்ததும் கால்கள் கீழே இறங்குகின்றன.

நான் விழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருக்கும் பெண் சிரிக்கிறார். கழுத்துக் கயிற்றில் சின்னச் சிலுவை.

"பழக்கம் போவலீங்க. போன மாசம் வரைக்கும் பஸ்ஸு தண்ணிக்குள்ளதான் போவும். பஸ்ஸுக்குள்ளயே கணுக்கால் தண்ணி வந்துரும். மழை பேஞ்சா பஸ்ஸே வராது, தக்காளி வூட்டுலயே அழுகிரும்."

"இவ்வளவு நாள் ஏன் பாலம் கட்டலைங்க?"

"தூணு எல்லாம் நாங்களே கல்லு ஒடச்சு எப்பவோ கட்டிட்டோம். சர்க்கார் கட்டாத தூணு மேல சர்க்கார் தளம் போடக்கூடாதுன்னு ரூல்ஸாம். ஒம்பது வருசம் மொட்டையா நின்னுச்சுங்க. இப்பத்தான், ஊருக்காரங்க கட்டுனத சோதிச்சுப் பாத்து ஏத்துக்கலாம்னு ரூல்ஸ மாத்துனாங்க. ஒரு இஞ்சினியர் வந்து ஒவ்வொரு தூணையும் சுத்தியல்ல தட்டிப் பாத்தாரு. எங்களுக்கு உசுரு கையில இல்ல. கடைசியில, 'நல்லாத்தான் கட்டியிருக்கீங்க'ன்னாருங்க."

"யார் அவர்?"

"பேரு கேக்க மறந்துட்டோம். ஞாயித்துக்கிழமை பூசையில 'சுத்தியல்காரருக்காக'ன்னுதான் வேண்டிக்கிறோம்."

அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாரோ. தனக்காக ஓர் ஊரே வாராவாரம் முழங்காலிடுவது அவருக்குத் தெரிந்திருக்காது.