ஒரு நாள் விட்டு ஒரு நாள்

எங்கள் சித்தப்பாவின் சிறுநீரைச் சோதிக்க ஒரு நர்சம்மா ரயிலேறி வருகிறார் என்பது அந்த நாளில் மேனாம்பேட்டுக்கே பெரிய சிரிப்பு.

“இன்னா மச்சான், நம்ம தெருவுக்கு ஒரு லைட்டு போட ஆள் வரல. உன் மூத்திரத்துக்கு கவர்மெண்டே தேடிகினு வருது!” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். சித்தப்பாவும் சிரிப்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும்.

அப்பாவும் சித்தப்பாவும் கழனி வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போனவர்கள். சித்தப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது, அவரை எங்காவது தூரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் பயந்தோம். ஆனால் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு அப்போது புதிது. கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்கத்தான் நர்சம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்.

சித்தப்பா குப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் நர்சம்மா ஒரு காகிதத் துண்டை அதில் நனைப்பார். உடம்பில் மருந்து இருந்தால் அது நாவல்பழக் கறை போல நிறம் மாறும். எனக்கு அது வித்தை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் நானும் ஓர் உத்தியோகஸ்தி போல அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

அன்று காகிதம் நிறம் மாறவில்லை.

நர்சம்மா இன்னொன்றை நனைத்துப் பார்த்தார். அதுவும் வெள்ளையாகவே இருந்தது. மாத்திரை டப்பாவை வாங்கித் திறந்தார்.

“டப்பாவுல எவ்வளவு குறையணுமோ அவ்வளவு குறைஞ்சிருக்கு. ஆனா உங்க உடம்புல இல்ல. எங்க போச்சு?”

“வித்துட்டியாடா? கவர்மெண்டு மருந்த வித்து குடிச்சிட்டியா?” என்று அப்பா சித்தப்பாமேல் கையை ஓங்கிக்கொண்டு போனார். அடுப்பங்கரை வாசலில் சித்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

வகுப்பில் எல்லோரும் விழிக்கும்போது எனக்கு மட்டும் விடை தெரிந்தால் என்ன வேகம் வருமோ அதே வேகம் அப்போதும் வந்தது.

“நேத்துதான் சித்தப்பா சாப்ட்டாரு. இன்னிக்கு சித்தியோட முறை” என்றேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. காலையில் அடுப்பங்கரையில் ஒரு நாள் சித்தப்பா விழுங்குவதையும், மறுநாள் சித்தி விழுங்குவதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றே நினைத்திருந்தேன்.

நர்சம்மா பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். சித்தி தட்டி மறைப்புக்குப் பின்னால் போய்வந்தாள். காகிதம் பளிச்சென்று நிறம் மாறியது. நான் கைதட்டினேன்.

முதுகில் ஓர் அடி விழுந்தது. அம்மா என்னைச் சித்தியின் பக்கத்திலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்று காலையில்தான் அவள் சித்தியை மடிமேல் சாய்த்து ஈர் இழுத்திருந்தாள்.

“அக்கா, என்னிய நெமிலிச்சேரிக்கு அனுப்பிடாதீங்கக்கா” என்று சித்தி தரையில் சரிந்தாள். நெமிலிச்சேரி அவள் தாய்வீடு. அவளுடைய கூடப்பிறந்த அக்காவை இதே நோய் என்று பட்டாபிராமிலிருந்து அங்கே கொண்டுவந்து விட்ட புருஷன், மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்த அக்கா அங்கேயே செத்துப்போனாள்.

“அவளுக்கும் இருமுனா ரத்தமா வருதுண்ணே” என்றார் சித்தப்பா. “சொன்னா ஊட்ட விட்டு அனுப்பிடுவீங்கன்னு அழுதா. அதான் எனக்குக் குடுத்தத ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினோம். ரெண்டு பேருமே பொழைச்சுக்கலாம்னு பார்த்தேன்.”

எத்தனை முறை வந்தும் எங்கள் வீட்டில் உட்காராத நர்சம்மா அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவங்களுக்கும் தனியா குடுத்திருப்போமேய்யா! சும்மாவே குடுக்குறதுதானே! விட்டு விட்டுப் போட்டா கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிடும். அப்புறம் முழுசா குடுத்தாலும் கேக்காது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

சித்தி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்து மாத்திரை டப்பாவை எடுத்துச் சித்தப்பாவின் கையில் வைத்தார்.

“அவ எங்கியும் போவ வேணாம்” என்றார். “நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா போயி மருந்து வாங்கிகினு வாங்க.”

இன்று நானும் வெள்ளைப் புடவை கட்டி நர்ஸ் பயிற்சியில் இருக்கிறேன். மருந்துக்குப் பழகிய கிருமியைப் பற்றி வகுப்பில் சொன்ன அன்று எனக்குப் பேனா ஓடவில்லை. சித்தியின் உடம்பில் மருந்து கேட்டது, அவள் பிழைத்துக்கொண்டாள். சித்தப்பாவின் உடம்பில் கேட்கவில்லை. வேறு மருந்தைத் தேடிக் கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சித்தி கல்யாணப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். சித்தப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பி நான் பார்த்ததே இல்லை. சினிமா பார்க்கத்தான் போகிறார்கள் என்று முடிவு செய்து, நானும் வருவேன் என்று அழுதுகொண்டே தெருமுனை வரை ஓடினேன். சித்தப்பா திரும்பி நின்று, கிட்டே வராதே என்று கையைக் காட்டினார். பிறகு சித்தியோடு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

எல்லாமே சித்திக்குத்தானா, எனக்கு ஒன்றுமே இல்லையா என்று அன்று முழுவதும் அவர்மேல் கோபமாக இருந்தேன்.